காதுக்கு மாதம், மூச்சுக்கு நிமிடம்

காலை எட்டரை மணிக்கே காது மூக்கு தொண்டைப் பிரிவின் வெளிநோயாளர் வரிசை படிக்கட்டு வரை வந்துவிட்டது. தென்மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஓ.பி. சீட்டும் கையுமாக, காதில் பஞ்சு அடைத்த பெரியவர்கள், இடுப்பில் குழந்தையோடு தாய்மார்கள், கழுத்தைச் சுற்றி ஈரத்துணி கட்டிய ஒருவர். கேட்கும் திறனை இங்கே எப்படி அளக்கிறார்கள், அடைபடும் மூச்சுப்பாதையை எப்படித் திறந்து காக்கிறார்கள் என்று அருகிலிருந்து பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

முதல் மேசையில் மேற்படிப்பு படிக்கும் இளம் பெண் மருத்துவர். எதிரே ஸ்டூலில் ஒரு பாட்டி.

"எந்தக் காது பாட்டி மந்தமா இருக்கு?"

"வலதுதான் தாயி. சின்ன வயசுலருந்தே சீழ் வடியும்."

மருத்துவர் இசைக்கவையை எடுத்தார். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே உலோகக் கவைதான். நொடிக்கு 512 முறை அதிர்வது. ஏன் இந்த ஒன்றையே முதலில் எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். இதைவிடத் தாழ்ந்த சுருதிக் கவையை எலும்பில் வைத்தால் அதிர்வு உடம்பில் உணர்வாகவே தெரியும், நோயாளி அதைச் சத்தம் என்று எண்ணிவிடுவார்; உயர்ந்த சுருதிக் கவையோ சீக்கிரம் அடங்கிவிடும் என்றார். முழங்கையில் தட்டி, பாட்டியின் காதுத் துவாரத்துக்கு எதிரே ஒரு அங்குலம் தள்ளிப் பிடித்தார். பிறகு அதன் அடியைக் காதின் பின்னால் உள்ள எலும்பில் ஊன்றினார்.

"முன்னால வைக்கும்போது நல்லாக் கேக்குதா, பின்னால வைக்கும்போதா?"

"பின்னாலதான் தாயி. ஙொய்ங்குது."

நல்ல காதில் இது நேர்மாறாக இருக்க வேண்டும். காற்று வழியே வரும் ஒலியைச் செவிப்பறையும் நடுக்காதின் மூன்று சிற்றெலும்புகளும் பெருக்கித் தருவதால், முன்னால் பிடிக்கும்போதுதான் சத்தம் பெரிதாகக் கேட்கும். எலும்பு வழி ஒலி பெரிதாகக் கேட்டால் கோளாறு அந்தப் பறையிலோ சிற்றெலும்பிலோ இருக்கிறது, உள்காது நரம்பு பிழைத்திருக்கிறது என்று பொருள். ஜெர்மானிய மருத்துவர் ரின்னே 1855இல் சொன்ன சோதனை இது. அடுத்து, கவையை நடு நெற்றியில் வைத்து எந்தப் பக்கம் சத்தம் சாய்கிறது என்று கேட்டார். பாட்டி யோசிக்காமல் வலது கையைத் தூக்கினார். கெட்ட காதுக்கே ஒலி சாய்வது வியப்பாகத் தோன்றலாம். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில்தான் பெரிதாகக் கேட்கும். நெற்றிச் சோதனை ரின்னேயைவிட மூத்தது. 1834இல் வெபர் எழுதியது.

இரண்டையும் சேர்த்தே செய்வதற்குக் காரணம் உண்டு. ஒரு காது முழுதும் செத்துப்போனவருக்கும் எலும்பில் வைத்த ஒலி கேட்பதுபோல இருக்கும். உண்மையில் மண்டை எலும்பு வழியாக மறுபக்கத்து நல்ல காது அதைக் கேட்டுச் சொல்கிறது. வெறும் ரின்னேயை நம்பினால் நரம்புச் செவிட்டை நடுக்காதுக் கோளாறு என்று தவறாக எழுதிவிடுவோம். நெற்றியில் வைத்ததும் ஒலி நல்ல காதுக்குச் சாய்ந்து உண்மை வெளிப்பட்டுவிடும். மின்சாரமே வேண்டாத இந்தச் சோதனையில் இத்தனை நுட்பம் இருப்பதைக் கண்டு அந்த மேசையை விட்டு நகர மனம் வரவில்லை. பாட்டியின் செவிப்பறையில் ஓட்டை என்று கருவி வழியே பார்த்து உறுதி செய்து, அடுத்த அறைக்குச் சீட்டு எழுதினார்.

அடுத்த அறை, ஒலி புகாத அறை. கனத்த கதவைச் சாத்தியதும் நடைபாதையின் இரைச்சல் அறுந்துபோனது. உள்ளே ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, நூற்பாலையில் ரிங் ஃப்ரேம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கும் திறனை அளக்கும் ஆடியாலஜிஸ்ட். "சின்னதா, ரொம்ப லேசாக் கேட்டாலும் பட்டனை அமுக்குங்க ஐயா. சந்தேகமா இருந்தாலும் அமுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார். முதலில் நன்றாகக் கேட்கும் காது, 1000 ஹெர்ட்ஸ். பட்டனை அமுக்கினால் 10 டெசிபல் குறைக்கிறார். அமுக்காவிட்டால் 5 கூட்டுகிறார். இறங்கி ஏறி, எந்த இடத்தில் திரும்பத் திரும்பப் பதில் வருகிறதோ அதுவே அந்தச் சுருதியின் வாசல். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை இப்படியே. ஆடியோகிராம் என்னும் வரைபடத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. ஒரு காதைச் சோதிக்கும்போது மறு காது உதவிக்கு வராமலிருக்க, அதற்குள் ஒரு இரைச்சலைச் செலுத்தி வைக்கிறார்கள்.

ஐயாவின் ஆடியோகிராம் தாழ்ந்த சுருதிகளில் ஏறத்தாழ நேராகப் போய், 4000 ஹெர்ட்ஸில் பள்ளமாக விழுந்து, 8000இல் சற்றே எழுந்தது. அந்தப் பள்ளத்தைப் பார்த்ததுமே இயந்திர இரைச்சலின் வேலை என்று ஆடியாலஜிஸ்ட் சொல்லிவிட்டார். எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 90 டெசிபல் என்பதுதான் நம் தொழிற்சாலை விதிகளின் எல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு வீட்டில் ஒரு கெட்ட பெயர் வந்துவிடும்: "வேணும்ங்கிறது கேக்கும், வேணாங்கிறது கேக்காது." அது அநியாயம். உயிரெழுத்துகளின் சத்தம் தாழ்ந்த சுருதியில் இருப்பதால் அவருக்குக் கேட்கிறது. க, ச, த போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் கூறுகள் உயர்ந்த சுருதியில் இருப்பதால் நழுவிவிடுகின்றன. கடை, சடை, தடை மூன்றும் ஒன்றாகிவிடும். "பேசுறது கேக்குது சார், என்ன பேசுறாங்கன்னுதான் புரியல" என்று அவர் சொன்னது துல்லியமான மருத்துவ விவரணை. அவரிடம் உரக்கக் கத்துவதில் பயன் குறைவு. முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினாலே பாதி சரியாகும்; மீதிக்குச் செவிக்கருவி இருக்கிறது.

பட்டன் அமுக்கத் தெரியாத வயதில் என்ன செய்வது? அதற்குத்தான் ஒதுக்குப்புறமான ஒரு சிறு அறை. தாயின் மடியில் ஒன்றரை வயது ஆண் குழந்தை, தூங்குவதற்கு சிரப் கொடுத்திருந்தார்கள். நெற்றியிலும் இரு காதுகளின் பின்னாலும் தோலைத் தேய்த்துத் துடைத்து எலக்ட்ரோடுகளை ஒட்டினார்கள். பெரா என்று எல்லோரும் அழைக்கும் சோதனை. காதுக்குள் டக் டக் என்று சிறு ஒலிகள் போகும். நரம்பு வழியே மூளைத்தண்டுக்கு அவை ஏறுவதைப் பத்து மில்லி நொடிக்குள் வரும் அலைகளாக இயந்திரம் வரைகிறது. அந்த மின்னலை ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. மூளையின் மற்ற மின்னோட்டங்களுக்கு நடுவே அதைப் பிடிப்பது, தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தையின் முனகலைப் பிடிப்பது போன்றது. அதனால்தான் ஒலியை ஆயிரம், இரண்டாயிரம் முறை திரும்பக் கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். மற்றவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைய, காதின் பதில் மட்டும் எஞ்சும். ஐந்தாவது அலைதான் கடைசி வரை நிற்பது. ஒலியைக் குறைத்துக்கொண்டே வந்து, அது எங்கே மறைகிறது என்று பார்க்கிறார்கள்.

இந்தக் குழந்தைக்கு 90 டெசிபலிலேயே அலை எழவில்லை. இயந்திரத்தைக் குறை சொல்ல இடம் வைக்காமல் எலக்ட்ரோடுகளைச் சரிபார்த்து, இரு காதுகளிலும் மீண்டும் எடுத்தார்கள். கோடு நெளிந்ததே தவிர அலையாகவில்லை.

"கதவைச் சாத்துனா திரும்பிப் பாக்குறான் மேடம்" என்றார் தாய்.

"அதிர்வு தெரிஞ்சிருக்கும்மா. இல்லன்னா நிழல் அசையுறதப் பாத்திருப்பான். சொந்தத்துல கல்யாணமா?"

"தாய்மாமன்தான்."

ஆறு மாதத்துக்கு முன்பே தாய்க்குச் சந்தேகம் வந்திருக்கிறது. "இவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசுனான்" என்று வீட்டில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் பிறவிச் செவிட்டின் சாத்தியம் கூடுகிறது என்பது நம் ஊர் மருத்துவர்களுக்குப் பழகிய செய்தி. அதைக் குற்றமாகச் சொல்லாமல், இனி பிறக்கும் பிள்ளைக்கும் பிறந்தவுடன் சோதனை வேண்டும் என்பதற்காகவே அந்த ஆடியாலஜிஸ்ட் கேட்டார். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

பச்சிளம் குழந்தைக்கு இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. உள்காதின் மயிரணுக்கள் ஒலியைக் கேட்கும்போது தாமும் மெல்லிய ஒலி ஒன்றைத் திருப்பி அனுப்புகின்றன. இங்கிலாந்தின் டேவிட் கெம்ப் 1978இல் கண்டுபிடித்தது இது. தூங்கும் சிசுவின் காதில் சிறு முனையை வைத்து அந்த எதிரொலியைச் சில நிமிடங்களில் பதிவுசெய்துவிடலாம்; ஊசி இல்லை, மருந்து இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் சொன்னார்கள்: கடுமையான மஞ்சள் காமாலை வந்து தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்கு இந்த எதிரொலி நன்றாக இருந்தும் நரம்பு வேலை செய்யாமல் போகலாம். அவர்களுக்குப் பெராவும் கட்டாயம். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோய் உறுதி, ஆறு மாதத்துக்குள் செவிக்கருவியும் பயிற்சியும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. மொழியைப் பிடித்துக்கொள்ளும் மூளையின் பருவம் அதன்பின் மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது. இந்தத் தாய் வந்து சேர்ந்தது பதினெட்டாவது மாதத்தில்.

வழி அடைபடவில்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்லியர் இம்ப்ளான்ட் எனும் உள்காதுக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படுகிறது. முதலில் செவிக்கருவி பொருத்திப் பார்ப்பார்கள். பயனில்லை என்றால் அறுவை. அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல் கேட்கவும் பேசவும் பயிற்சி. பயிற்சிக்கு வராமல் விட்டால் பொருத்திய கருவி வெறும் உலோகம்தான் என்று ஆடியாலஜிஸ்ட் சொன்னபோது குரலில் ஆதங்கம் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் காதும் மூச்சும் ஒரே துறையில் இருப்பதன் பொருள் புரிந்தது. இத்தனை சிறிய பிள்ளையைச் சில மணி நேரம் மயக்கத்தில் வைக்க வேண்டும். நாக்கு பெரிது, குரல்வளை உயரத்தில், மூச்சுக்குழல் குறுகல். இரண்டு வயதுக் குழந்தைக்குப் போடும் குழாயின் உள்விட்டம் நாலரை மில்லிமீட்டர். அறுவைக்காகத் தலையை ஒரு பக்கம் திருப்பித் துணியால் மூடிவிடுவதால், குழாய் நழுவினால் கைக்கு எட்டாது. காது மருத்துவர் கத்தி எடுப்பதற்கு முன் மயக்க மருத்துவர் அந்தக் குழாயைக் கட்டி நிறுத்தியிருக்க வேண்டும்.

வெளியே வரும்போது வாயைத் திறந்தபடியே நின்ற ஏழு வயதுச் சிறுமியைக் கண்டேன். இரவில் குறட்டை, பள்ளியில் "கவனிக்கவே மாட்டேங்கிறா" என்ற புகார். மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கியதால் மூச்சும் தடைப்பட்டிருந்தது. நடுக்காதுக்குப் போகும் குழாயின் வாய் அடைத்துப் பறைக்குப் பின்னால் நீரும் கோத்திருந்தது. டேனிஷ் மருத்துவர் மேயர் 1868இலேயே அடினாய்டு வீக்கத்தையும் காது மந்தத்தையும் முடிச்சுப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஆசிரியர்கள் இதை அறிந்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் மந்தம் என்ற பட்டத்திலிருந்து தப்புவார்கள்.

மாடியில் வார்டு. கழுத்தில் குழாய் வைத்தவர்களுக்குச் செவிலியர் மேசைக்குப் பக்கத்துக் கட்டில்கள்தான் ஒதுக்கப்படும், ஏனென்றால் அவர்களால் கூப்பிட முடியாது. ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு மணி கட்டியிருந்தார்கள். குரல்வளைப் புற்றுநோயால் மூச்சு இரைச்சலோடு திணறி வந்தவருக்கு, மூச்சுக்குழலின் இரண்டாவது, மூன்றாவது வளையங்களுக்கருகே துளையிட்டு உலோகக் குழாய் பொருத்தியிருந்தார்கள். குழாய்க்குள் ஒரு உட்குழாய். அது வெளிக்குழாயைவிடச் சற்று நீளம். சளி காய்ந்து ஒட்டினால் உட்குழாயின் நுனியில்தான் ஒட்டும். அதை மட்டும் உருவிக் கழுவினால் வழி திறந்துவிடும். இந்தச் சிறு அளவு வித்தியாசத்தை யோசித்தவரை வணங்கத் தோன்றியது.

சிஸ்டர் அவர் மனைவிக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"டியூபை உள்ள விடும்போது உறிஞ்சக் கூடாதும்மா. போய்ச் சேந்தப்புறம் கட்டைவிரலால இந்த ஓட்டைய மூடுங்க, சுத்திக்கிட்டே வெளிய எடுங்க. பத்து செகண்டுதான். நீங்களும் மூச்சைப் பிடிச்சுக்கங்க. உங்களுக்குத் திணறுனா அவருக்கும் திணறும்னு அர்த்தம்."

உறிஞ்சும்போது சளியோடு ஆக்சிஜனும் போகிறது. அதனால்தான் அந்த அவசரம். உறிஞ்சும் டியூப் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. கழுத்து நாடாவுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். மூக்கு செய்யும் ஈரப்படுத்தும் வேலை இப்போது நடக்காததால் குழாயின் வாயில் ஈரத்துணி. கட்டிலருகே அதே அளவில் ஒரு குழாயும் ஒரு அளவு சிறிய குழாயும் தயாராக. கதிர்வீச்சு தொடங்குமுன் உலோகக் குழாயை மாற்றிப் பிளாஸ்டிக் போட வேண்டும். அந்த அம்மாள் முதல் தடவை கை நடுங்கினார். சிஸ்டர் தன் கையை அவர் கைமேல் வைத்து மறுபடியும் செய்ய வைத்தார். கணவர் குழாயை விரலால் மூடி ஏதோ சொல்ல முயன்றார். "மெதுவாப் பேசுவோம், முதல்ல மூச்சு" என்றார் சிஸ்டர்.

பக்கத்துக் கட்டிலில் குரல்வளையையே அகற்றியவர். இவர்களைப் பற்றி எல்லோரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இவர்களுக்கு வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாது. மயங்கி விழுந்தால் ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பயனில்லை. கழுத்துத் துளையில்தான் வைக்க வேண்டும்.

கழுத்தில் துளையிட்டுக் கையால் காற்றுச் செலுத்தும் இந்த வைத்தியம்தான் இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தாய். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாக வந்து மூச்சுத் தசைகள் செயலிழந்தபோது போதிய இயந்திரங்கள் இல்லை. மயக்க மருத்துவர் இப்சன் நோயாளிகளின் கழுத்தில் குழாய் பொருத்தி, பையை அமுக்கிக் காற்றுக் கொடுக்கச் சொன்னார். சுமார் 1500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் அமுக்கினார்கள். சாவு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

கீழ்த்தளத்துப் பயிற்சி அறையில் பயிற்சி மருத்துவர்கள், அதாவது சி.ஆர்.ஆர்.ஐ.கள், பொம்மையைச் சுற்றி நின்றார்கள். மயக்கவியல் பேராசிரியர் முதலில் குழாயைத் தொடவே விடவில்லை. "ஆளைப் பாருங்க. வாய் மூணு விரல் திறக்குதா? நாக்கை நீட்டினா உள்நாக்கு தெரியுதா? கழுத்து பின்னால வளையுதா?" வாய்க்குள் என்ன தெரிகிறது என்று தரம் பிரிக்கும் முறை, அமெரிக்கா சென்ற இந்திய மருத்துவர் மல்லம்பட்டி 1985இல் வெளியிட்டது; இன்று உலகமெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பிறகு தலைக்கடியில் தலையணை, மூன்று நிமிடம் முழு ஆக்சிஜன். நுரையீரலில் உள்ள நைட்ரஜனை வெளியேற்றி அங்கே ஆக்சிஜனைச் சேமித்து வைத்தால்தான் குழாய் போடும் நேரத்துக்கு உடல் தாங்கும். இடது கையில் குரல்வளையைக் காட்டும் லாரிங்கோஸ்கோப். மேக்கின்டாஷ் 1943இல் வடிவமைத்த வளைந்த அலகு. பல்லை நெம்புகோலாக்காமல் நேரே தூக்க வேண்டும். ஒரு மாணவர் பொம்மைக்குள் குழாயை நுழைத்து வெற்றியோடு நிமிர்ந்தார். "உள்ள போயிருச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் பேராசிரியர். மார்பு ஏறுவதை நம்பாதீர்கள். கரியமில வாயு அலை திரையில் வருகிறதா என்று பாருங்கள். அலை இல்லையென்றால் குழாய் உணவுக்குழாயில் இருக்கிறது, உடனே எடுங்கள். அவர் அதிகம் அழுத்திச் சொன்னது வேறு ஒன்று: குழாய் போடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மாஸ்க்கை இறுக்கிப் பிடித்துப் பையை அமுக்கத் தெரிந்தால் உயிர் நிற்கும். ஆக்சிஜன் இல்லாமல் நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கும். அதற்குள் எல்லா வழியும் தோற்றால், ஆதாமின் ஆப்பிளுக்குக் கீழே உள்ள மெல்லிய சவ்வைத் திறக்க வேண்டும். மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் கழுத்திலேயே அந்தப் பள்ளத்தைத் தடவிக் கண்டுபிடித்தார்கள்.

மாலையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. இருமலுக்கு வேறிடத்தில் வாரக்கணக்கில் ஆவி மருந்து பிடித்திருக்கிறார்கள். மருத்துவர் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, வலப்பக்கம் காற்று குறைவாகப் போகிறது என்றார். "திடீர்னு ஒருநாள் புரையேறுச்சா?" என்று கேட்டதும் பாட்டிக்கு நினைவு வந்தது: நிலக்கடலை. கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. வலது மூச்சுக்கிளை அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் விழும். அதன் எண்ணெய் உள்சுவரை அரித்து வீங்கவைக்கும். ஒரே குழலை மயக்க மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் பகிர்ந்துகொண்டு, பிராங்கோஸ்கோப் வழியே இடுக்கி விட்டு எடுத்தார்கள். அரைப் பருப்பு.

புரையேறினால் நாம் உச்சந்தலையில் தட்டுகிறோம். அதனால் எதுவும் நடக்காது. குழந்தை இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் திணறினால், ஒரு வயதுக்குட்பட்டதைக் கவிழ்த்து முதுகில் ஐந்து முறை தட்டி, திருப்பி மார்பில் ஐந்து முறை அழுத்துங்கள். பெரிய குழந்தையானால் முதுகில் தட்டுவதோடு பின்னாலிருந்து வயிற்றை உள்ளும் மேலுமாக அழுத்துங்கள். வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விடாதீர்கள். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108ஐ அழையுங்கள். ஐந்து வயது வரை முழுக்கடலை வேண்டாம்.

காதுக்கு இத்தனை அவசரம் இல்லை என்பதே அதன் ஆபத்து. உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால், டிஸ்சார்ஜ் சீட்டு வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "காது டெஸ்ட் எடுத்தாச்சா?" எடுக்கவில்லை என்றால் மாவட்டத் தலைநகரில் உள்ள மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கோ மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ ஒரு மாதத்துக்குள் தூக்கிக்கொண்டு போங்கள். தாய் சந்தேகப்பட்டால் அவளை நம்புங்கள். அப்பா எந்த வயதில் பேசினார் என்ற கதையைச் சோதனை முடிந்தபின் பேசிக்கொள்ளலாம்.